டிசம்பர் லீவுக்கு மறுபடியும் டர்பன் பக்கமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

மிட்ராண்ட் மருமகள்:

வணக்கம். நாங்கள் ஜோகன்னஸ்பர்க் பக்கம் மிட்ராண்டில் இருக்கிறோம். இந்த டிசம்பரில் என் மாமனாரும் மாமியாரும் நாகப்பட்டினத்திலிருந்து முதல் முறையாக வருகிறார்கள். என் கணவரின் அலுவலகம் டிசம்பர் நடுவில் மூடினால் ஜனவரி இரண்டாம் வாரம்தான் திறக்கும். பிள்ளைகளுக்கும் அதே சமயம் லீவு. எல்லோரையும் கூட்டிக்கொண்டு கடற்கரைப் பக்கம் ஒரு வாரம் தங்கிவிட்டு வரலாம் என்று ஆசை. எங்கே போவது என்பதில்தான் வீட்டில் பேச்சு முடியவே மாட்டேன் என்கிறது.

போன டிசம்பரில் நாங்கள் மட்டும் டர்பனுக்குப் பக்கத்தில் உம்லாங்காவுக்குப் போயிருந்தோம். நன்றாக இருந்ததா என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. சில விஷயங்களை நினைத்தால் நாளைக்கே கிளம்பலாம் போல இருக்கிறது. சிலதை நினைத்தால் அந்தப் பணத்தை வைத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது. இரண்டையும் சொல்கிறேன், கேட்டுவிட்டு யோசனை சொல்லுங்கள்.

முதலில் நல்லது. அங்கே டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே விடிந்துவிடுகிறது. எனக்கு எப்படியும் தூக்கம் கலைந்துவிடும், எழுந்து கலங்கரை விளக்கத்திலிருந்து நடைபாதையோடு நடப்பேன். சிவப்பும் வெள்ளையுமாக அந்த விளக்கு, அதற்குக் கீழே பாறையில் அலை, ஒன்றிரண்டு தூண்டில்காரர்கள், ஓடுகிறவர்கள், நாய் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள். எதிரில் வருகிறவர்கள் எல்லோரும் காலை வணக்கம் சொல்கிறார்கள். மிட்ராண்டில் மதில் சுவருக்குள்ளேயே காரில் ஏறி மதில் சுவருக்குள்ளேயே இறங்கிப் பழகிப்போன எனக்கு, தெருவில் கைவீசி நடப்பதே பெரிய விடுமுறை. திமிங்கில எலும்பு மாதிரி வளைவுகள் வைத்த அந்தப் பாலத்தின் நுனி வரைக்கும் போய் நிற்பேன். தண்ணீரும் இதமான சூடு, இறங்கினால் உடம்பு சிலிர்க்காது. பிள்ளைகள் வெளியே வரமாட்டேன் என்று அடம் பிடித்தார்கள்.

இப்போது மற்றது. பத்து மணிக்கு மேல் மணலில் துண்டு விரிக்க இடமில்லை. கார் நிறுத்த இடம் தேடியே ஒரு முற்பகல் போனது. புழுக்கமோ சொல்லி மாளாது, இட்லிப் பானைக்குள் உட்கார்ந்திருந்தது போல. சாயந்திரமானால் இடியும் மழையும். ஒரு நல்ல மழைக்கு மறுநாள் காலையில் போனால் குளிக்கக் கூடாது என்று பலகை வைத்துக் கடற்கரையை மூடியிருந்தார்கள். தண்ணீரில் ஈ-கோலி கிருமி அதிகமாம். அதற்கு முந்தின நாள் முழுக்கப் பிள்ளைகள் அதே தண்ணீரில்தான் கிடந்தார்கள். அன்று ராத்திரி நான் சரியாகத் தூங்கவில்லை, நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அந்தப் பயம் போகவில்லை.

வாடகைக்கு எடுத்த ஃபிளாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். படத்தில் பால்கனியிலிருந்து நேரே கடல். நேரில் போய்ப் பார்த்தால் எதிரே இன்னொரு அடுக்குமாடி, இரண்டு கட்டடத்துக்கும் நடுவே ஒரு முழம் நீலம். கேட்டதற்கு, கடல் தெரிகிறதல்லவா என்றார் வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர். டெபாசிட்டைத் திருப்பி வாங்க பிப்ரவரி வரைக்கும் மின்னஞ்சல் எழுத வேண்டியிருந்தது.

பெரியவனுக்குக் காலில் புளூபாட்டில், ஜெல்லிமீன் மாதிரிக் கொட்டும் கடல் பிராணி, சுற்றிக்கொண்டது வேறு. கணுக்காலில் மெல்லிய நீல நூல் ஒன்று ஒட்டியிருந்தது, அவ்வளவுதான் பார்வைக்கு. அவன் போட்ட அலறலில் பக்கத்துக் குடையில் இருந்தவர்களெல்லாம் எழுந்து வந்துவிட்டார்கள். லைஃப்கார்டு பையன் நிதானமாகக் கடல் தண்ணீரை ஊற்றிக் கழுவி, அந்த நூலை எடுத்துப் போட்டு, முதலுதவி அறைக்குக் கூட்டிப்போய்ப் பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை வைக்கச் சொன்னான். கொஞ்ச நேரத்தில் வலி அடங்கியது. அந்தப் பையன் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது. அவனுக்கு நல்லது நடக்கட்டும்.

இந்த முறை எனக்கு இருக்கும் பெரிய கவலை மாமியாரைப் பற்றி. 2004 டிசம்பர் 26-க்கு அப்புறம் அவர் கடலுக்குப் போனதே இல்லை. நாகப்பட்டினத்தில் இருந்துகொண்டே போனதில்லை. அன்றைக்கு யார் யாரை இழந்தார்கள் என்பதை இங்கே எழுத வேண்டாம். அந்தத் தேதி வந்தால் வீட்டில் விளக்கேற்றிவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருப்பார். மாமனார் அப்படியில்லை, கடல் என்றால் உயிர். இங்கே என்ன மீன் கிடைக்கும், எப்படிப் பிடிக்கிறார்கள் என்று இப்போதே ஃபோனில் கேட்கிறார். ஒருவருக்குக் கடல் வேண்டும், ஒருவருக்குக் கடல் கண்ணில் பட்டாலும் கையெட்டும் தூரத்தில் இருக்கக் கூடாது. பிள்ளைகளுக்குத் தண்ணீரில் இறங்க வேண்டும். எனக்குத் தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும்.

உம்லாங்காவுக்கே திரும்பப் போகலாமா? பாலிட்டோ பக்கம் நல்லது என்கிறார்கள் சிலர். தெற்கே மார்கேட் என்ற ஊருக்கு என்கிறார் என் கணவர். கேப்டவுன் போகலாம் என்று என் தோழி சொல்கிறாள். அனுபவப்பட்டவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.


பைன்டவுன் வாசி:

சகோதரி, இடத்தை அப்புறம் முடிவு செய்யுங்கள், முதலில் தேதியை மாற்றுங்கள். டிசம்பர் 16 பொது விடுமுறை. அதை ஒட்டி ஜோகன்னஸ்பர்க்கே காலியாகி என்-3 சாலையில் இறங்கிவிடும். டர்பன் வரை 570 கிலோமீட்டர், சாதாரண நாளில் ஆறு மணி நேரம். அந்த நாட்களில் டோல் கேட்டுகளிலேயே வரிசை. வான் ரீனன் கணவாயில் மூடுபனியும் லாரியும் சேர்ந்தால் எப்போது கீழே இறங்குவோம் என்று சொல்ல முடியாது. வயதானவர்களை வைத்துக்கொண்டு அந்தப் பாடு வேண்டாம்.

உங்கள் வீட்டுக்காரருக்கு ஜனவரி இரண்டாம் வாரம் வரை லீவு இருக்கிறது அல்லவா? புது வருடம் முடிந்து மூன்று நான்கு தேதிக்கு மேல் கிளம்புங்கள். எல்லோரும் மேலே திரும்பிக்கொண்டிருப்பார்கள், நீங்கள் எதிர்ப்பக்கம் வருவீர்கள். வாடகையும் இறங்கியிருக்கும். கடல் அதே கடல்தான், சூடும் அதேதான்.


கேப்டவுன் கீதம்:

உங்கள் தோழி சொன்னதைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். கேப்டவுன் எனக்கு உயிர், ஆனால் நீங்கள் சொல்லும் விடுமுறைக்கு இது சரிப்படாது.

கேம்ப்ஸ் பே, கிளிஃப்டன் எல்லாம் படத்தில் பார்க்கச் சொர்க்கம். நேரில் பார்த்தாலும் சொர்க்கம்தான். காலை நனைத்தால்தான் தெரியும். கோடையில் வீசும் தென்கிழக்குக் காற்று மேல் தண்ணீரைக் கரையிலிருந்து தள்ளிவிடும், அடியிலிருந்து ஐஸ் மாதிரித் தண்ணீர் மேலே வரும். நடுக்கோடையில் 12, 13 டிகிரி எல்லாம் சகஜம். அதாவது வெயில் எவ்வளவு நன்றாக அடிக்கிறதோ அவ்வளவு குளிர் தண்ணீரில். மலைக்கு அந்தப் பக்கம் ஃபால்ஸ் பேயில் மூய்சன்பெர்க், செயின்ட் ஜேம்ஸ் போனால் பரவாயில்லை, சில டிகிரி கூட இருக்கும். வண்ண வண்ண மரக் குடில்கள் இருப்பது அங்கேதான். கடல் தண்ணீரைத் தேக்கிய அலைக்குளமும் உண்டு, சின்னப் பிள்ளைகளுக்கு நல்லது. சைமன்ஸ் டவுன் தாண்டி போல்டர்ஸ் கடற்கரையில் பெங்குவின்களைப் பிள்ளைகள் பார்த்தால் வீடு திரும்பியும் அதையே பேசிக்கொண்டிருப்பார்கள்.

ஆனால் காற்று. அது தொடங்கினால் நாள் கணக்கில் வீசும், மணல் முகத்தில் அறையும். மேஜை மலைக்குப் போகும் கேபிள் காரையும் நிறுத்திவிடுவார்கள். பெரியவர்களை மேலே கூட்டிப் போகலாம் என்று வந்தவர்கள் பலர் கீழே நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். டிசம்பர் கடைசியில் இங்கே அறை வாடகையும் கேட்கவே முடியாது. மார்ச் மாதம் காற்று அடங்கின பிறகு நீங்களும் உங்கள் கணவரும் தனியாக வாருங்கள். அந்தக் கேப்டவுன் வேறு ஊர்.


சாட்ஸ்வர்த் தாத்தா:

மகளே, உன் கடிதத்தை நேற்றே படித்தேன். யோசித்து எழுதலாம் என்று இருந்தேன். நான் இங்கேயே பிறந்தவன். என் தமிழ் பாட்டியிடமும் சாயந்திரப் பள்ளிக்கூடத்திலும் கற்ற தமிழ், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ உம்லாங்காவைச் சொன்னாய், பாலிட்டோவைச் சொன்னாய். டர்பன் நகரத்துக் கடற்கரையைப் பற்றி ஒரு வரி இல்லை. உன்னைப் போல மேலேயிருந்து வருகிற நம் பிள்ளைகள் பெரும்பாலும் அப்படித்தான். கூட்டம், அழுக்கு, பாதுகாப்பில்லை என்று யாரோ சொல்லியிருப்பார்கள், நகரத்துக்குள் நுழையாமலே வடக்கே போய்விடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஏன் என்று சொல்கிறேன்.

என் தகப்பனார் டர்பன் மாநகராட்சியில் வேலை பார்த்தார். மேகசின் பாரக்ஸ் என்று மாநகராட்சி இந்தியத் தொழிலாளர்களுக்குக் கட்டிவைத்த லயங்களில் குடியிருந்தோம். சொம்ட்சூ சாலைப் பக்கம். அங்கே இருந்தவர்களில் நிறையப் பேர் தமிழர்கள்தான். கோயில் இருந்தது, கூத்து நடந்தது. கடல் நடந்து போகிற தூரம். ராத்திரி படுத்தால் அலை கேட்கும். ஆனால் அந்தக் கடலில் எங்கே காலை நனைக்கலாம் என்பதற்குச் சட்டம் இருந்தது. 1953-ல் போட்ட சட்டம், கடற்கரை, பெஞ்சு, கக்கூஸ் எல்லாவற்றையும் நிறத்துக்கு நிறம் பிரித்த சட்டம். நடுவில் இருக்கும் நல்ல கடற்கரைகள் எல்லாம் வெள்ளைக்காரர்களுக்கு. எங்களுக்கு வடக்கே தள்ளி ஒரு துண்டு. என் தகப்பனார் நகரத்தைக் கூட்டிச் சுத்தம் செய்யலாம், அந்த மணலில் எங்களை உட்காரவைக்க முடியாது. அப்புறம் அறுபதுகளில் பாரக்ஸையே காலி செய்து எங்களைச் சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பிவிட்டார்கள். அலைச் சத்தமும் போனது. அந்தச் சட்டத்தை நீக்கியது 1990-ல்தான். அப்போது என் தகப்பனார் இல்லை.

அதனால்தான் ஜனவரி முதல் தேதி டர்பன் கடற்கரையில் மணலே தெரியாமல் ஜனம் நிற்கிறதே, அதைப் பார்த்து மற்றவர்கள் முகம் சுளிக்கும்போது எனக்குப் பொறுக்காது. குவா மாஷுவிலிருந்தும் உம்லாசியிலிருந்தும் ஃபீனிக்ஸிலிருந்தும் பஸ்ஸில் வருகிற குடும்பங்கள். பிள்ளைகள் தொலைந்து போகாமலிருக்க மணிக்கட்டில் பட்டை கட்டி அதில் ஃபோன் நம்பர் எழுதிவிடுகிறார்கள். நான் ஒவ்வொரு வருடமும் போகிறேன். ஆனால் உன் மாமியாரை அந்த நாளில் அங்கே கூட்டிப்போகச் சொல்லமாட்டேன். அது வேறு.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். தண்ணீர் பயம் நியாயமான பயம். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் இந்த ஊரே உடைந்தது. நானூறுக்கு மேல் உயிர் போயிற்று. சாக்கடைக் குழாய்களும் பம்பு நிலையங்களும் அடித்துக்கொண்டு போனதில், கழிவு நீர் ஆறு வழியாகக் கடலுக்குப் போனது. அந்த வருட டிசம்பரில் எத்தனையோ கடற்கரைகள் மூடிக் கிடந்தன. பிறகு பழுது பார்த்தார்கள், பார்த்துக்கொண்டும் இருக்கிறார்கள். ஆனால் பெரிய மழை பெய்தால் பிரச்சினை திரும்பி வரும். இதற்கு எங்கள் ஊர்க்காரர்கள் வைத்திருக்கும் வழி எளிது. மழை பெய்தால் அடுத்த இரண்டு நாள் தண்ணீரில் இறங்காதே. ஆற்று முகத்துக்குப் பக்கத்தில் எப்போதுமே இறங்காதே, தண்ணீர் பழுப்பாக இருந்தால் நிச்சயம் இறங்காதே. கலங்கின தண்ணீரில் கிருமி மட்டுமில்லை, ஜாம்பெசி சுறாவும் வரும். மாநகராட்சி தண்ணீரைச் சோதித்து எது திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்று அறிவிப்பு போடும். காலையில் பால் வாங்கப் போகும் முன் அதைப் பார்த்துவிடு.

சுறா என்றதும் மாமியாரிடம் சொல்லாதே. இங்கே குளிக்கும் கடற்கரைகளுக்கு வெளியே வலை போட்டிருக்கிறார்கள். டர்பனில் 1952-ல் ஆரம்பித்தது. அது முழு வேலி இல்லை, ஆனாலும் வலை போட்ட பிறகு தாக்குதல் மிகவும் அரிதாகிவிட்டது. லைஃப்கார்டு நட்டிருக்கும் இரண்டு கொடிக்கும் நடுவில்தான் பிள்ளைகள் குளிக்க வேண்டும். உயிர் போவது சுறாவால் இல்லை, உள்ளே இழுக்கும் நீரோட்டத்தால். இதைப் பிள்ளைகளுக்கு ஊரிலிருந்து கிளம்பும் முன்பே சொல்லிவை.

உன் மாமியாருக்கு என்ன செய்யலாம் என்பதைத்தான் அதிகம் யோசித்தேன். டர்பன் நடைபாதை ஏறக்குறைய 8 கிலோமீட்டர். அம்கேனி ஆற்று முகத்திலிருந்து உஷாக்கா கடல் பூங்கா வரைக்கும். அகலமானது, தட்டையானது, மணலுக்கு மேலே உயர்ந்து நிற்கிறது, நடுநடுவே பெஞ்சு. கடலுக்கும் அவருக்கும் நடுவில் நல்ல அகலம் மணல் இருக்கும். திரும்பி உட்கார்ந்தால் மரமும் புல்லும் மனிதர்களும்தான் கண்ணில் படும். கடலைப் பார்க்க வேண்டுமா, எவ்வளவு நேரம் பார்க்க வேண்டும் என்பதை அவரே முடிவு செய்யலாம். யாரும் வற்புறுத்தாதீர்கள். ‘ஒரே ஒரு தடவை காலை நனையுங்கள் அத்தை’ என்று பிள்ளைகள் உட்பட யாரும் சொல்லக் கூடாது. காலை ஐந்தரையிலிருந்து எட்டு மணி வரை அங்கே ஓடுகிறவர்கள், சைக்கிள்காரர்கள், போலீஸ் எல்லாம் இருப்பார்கள். அந்த நேரத்தில் போ. நகையையும் ஃபோனையும் கையில் ஆட்டிக்கொண்டு போகாதே. இருட்டின பிறகு பக்கத்துத் தெருக்களில் நடக்காதே.

அப்புறம் அவரைக் கோயிலுக்குக் கூட்டிப் போ. மார்கழி அல்லவா. அம்கேனி ரோடு கோயில் இருக்கிறது. உம்லாங்காவில் தங்கினால் மவுண்ட் எட்ஜ்கோம் பிள்ளையார் கோயில் காரில் பக்கம்தான். கரும்புத் தோட்டத்துக்கு வந்த நம் ஆட்கள் கட்டியது, நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. சென்னையிலிருந்து நம் கூலி ஆட்களை முதன்முதலாக ஏற்றி வந்த ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று இந்தத் துறைமுகத்துக்குத்தான் வந்தது. நாகப்பட்டினத்து அம்மாளுக்கு அந்தக் கோயிலின் கோபுரத்தைப் பார்த்தால் ஒன்றும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்காது.

மாமனாருக்கு இங்கே வேலை நிறைய இருக்கிறது. ஷேட் என்று ஒரு மீன். அக்டோபரும் நவம்பரும் அதைப் பிடிக்கத் தடை, டிசம்பர் முதல் தேதி திறக்கும். ஒரு ஆள் ஒரு நாளைக்கு நான்கு மீன்தான், 30 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் திரும்பக் கடலில் விட வேண்டும். தூண்டில் போடுகிறவர்களில் நம் ஆட்கள் நிறைய. விடியற்காலையில் பாறைப் பக்கம் போய் நின்றால் பத்து நிமிடத்தில் யாராவது பேச்சுக் கொடுப்பார்கள். தமிழ் பேச வராது, ஆனால் அவர் பெயரைக் கேட்டதும் எந்த ஊர் என்று விசாரிப்பார்கள். தபால் நிலையத்தில் மீன் பிடிக்கும் உரிமம் வாங்காமல் தூண்டில் போடக் கூடாது, பார்ப்பதற்கு ஒன்றும் வேண்டாம். ஷேட் கிடைத்தால் அன்றைக்கே குழம்பு வைத்துவிடு, வைத்திருந்தால் சதை குழைந்துவிடும். புளி கொஞ்சம் தூக்கலாக இருக்கட்டும்.


பாலிட்டோ அம்மா:

தாத்தா சொன்னதற்கு அப்புறம் நான் என்ன எழுத! ஆனால் பிள்ளைகள் விஷயத்தில் இரண்டு மூன்று சொல்கிறேன்.

பாலிட்டோ டர்பன் மாநகராட்சிக்குள் வராது, குவாடுகூசா நகராட்சி. அதனால் டர்பனில் மூடினால் இங்கேயும் மூட வேண்டும் என்றில்லை. ஆனால் மழைக்குப் பின் இரண்டு நாள் என்கிற விதி இங்கேயும் பொருந்தும். உங்கள் பிள்ளைகளுக்கு தாம்சன்ஸ் பே, சால்ட் ராக் அலைக்குளங்கள்தான் சரி. பாறைக்கு நடுவே சுவர் கட்டி வைத்திருப்பார்கள், கடல் தண்ணீர் வரும், அலையின் வேகம் வராது. தண்ணீர் வற்றும் நேரத்தில் போக வேண்டும். ஏற்றத்தின்போது அலை சுவரைத் தாண்டி அடிக்கும், அப்போது நானே என் பிள்ளைகளை விடமாட்டேன். ஏற்ற இறக்க நேரத்தை முதல் நாளே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

புளூபாட்டில் கரைக்கு வருவது காற்றைப் பொறுத்தது. வடகிழக்குக் காற்று தொடர்ந்து அடித்தால் கூட்டம் கூட்டமாக ஒதுங்கும். மணலில் நீலக் குமிழ்கள் கிடக்கிறதா என்று முதலில் ஒரு நடை நடந்து பாருங்கள். கிடந்தால் அன்றைக்கு நீச்சல்குளம். மணலில் செத்துக் கிடப்பதும் கொட்டும், பிள்ளைகள் குச்சியால் கூடத் தொடக் கூடாது. உங்கள் மகனுக்கு அந்தப் பையன் செய்தது சரியான வைத்தியம்.

டிசம்பர் முதல் வாரம் இங்கே வரவே வேண்டாம். மெட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு) பரீட்சை முடித்த பிள்ளைகள் நாடு முழுவதிலிருந்தும் வந்து குவிவார்கள். விடிய விடியப் பாட்டு. அவர்கள் வயதுக்கு அது வேண்டியதுதான், மாமியார் மாமனாரோடு வருகிறவர்களுக்கு இல்லை.

குரங்கு! இதை யாரும் சொல்லவில்லை. கறுத்த முகத்தோடு சாம்பல் நிறக் குரங்குகள், பால்கனிக் கதவைத் திறந்து போட்டால் சமையலறை வரைக்கும் வரும். எங்கள் வீட்டில் மேசை மேல் வைத்த ரொட்டியை உறையோடு எடுத்துக்கொண்டு போய் எதிர் கூரையில் உட்கார்ந்து ஒவ்வொரு துண்டாகப் பிரித்துத் தின்றது. சீண்டாமல் இருந்தால் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது, ஆனால் பழம், ரொட்டி எதையும் வெளியே வைக்காதீர்கள். தீனி போடவும் கூடாது.

ஃபிளாட் எடுக்கும்போது பால்கனியிலிருந்து வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். படம் போதாது. டெபாசிட் எத்தனை நாளில் திரும்பும் என்று எழுத்தில் வாங்குங்கள். அனுப்பத் தயங்குகிறவர்களிடம் எடுக்காதீர்கள்.


மிட்ராண்ட் மருமகள்:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நேற்று ராத்திரி தாத்தா எழுதியதை என் கணவருக்கு வாசித்துக் காட்டினேன். பாதியில் என்னால் வாசிக்க முடியவில்லை, அவர் வாங்கி வாசித்தார். இத்தனை வருடமாக இந்த நாட்டில் இருக்கிறோம், டர்பன் நடைபாதையில் எத்தனை தடவை ஐஸ்கிரீம் சாப்பிட்டிருப்போம். மேகசின் பாரக்ஸ் என்கிற பெயர் எங்கள் காதில் விழுந்ததே இல்லை.

முடிவு செய்துவிட்டோம். ஜனவரி நான்காம் தேதிக்கு மேல் கிளம்புகிறோம். டிசம்பர் 26 மாமியார் வீட்டிலேயே இருக்கட்டும், விளக்கேற்றட்டும், நானும் கூடவே உட்கார்ந்துகொள்கிறேன். முதல் பாதி டர்பன் நகரத்தில், நடைபாதைக்குப் பக்கத்திலேயே, மறு பாதி பாலிட்டோவில். மார்கேட்டை இந்த முறை விட்டுவிடுகிறோம், இன்னும் தெற்கே அவ்வளவு தூரம் பெரியவர்களை உட்காரவைக்க வேண்டாம் என்று என் கணவரே சொல்லிவிட்டார். பொங்கலுக்கு வீடு திரும்பிவிடலாம்.

தாத்தா, இரண்டு கேள்வி. மழை பெய்து தண்ணீரில் இறங்க முடியாத நாளில் பிள்ளைகளை என்ன செய்வது? மாமியார் வெள்ளிக்கிழமை மீன், கறி தொடமாட்டார். அவருக்கு வெளியே சாப்பிட என்ன கிடைக்கும்?


சாட்ஸ்வர்த் தாத்தா:

நல்ல முடிவு மகளே. மழை நாளுக்கு உஷாக்கா. 2004-ல் திறந்தது. பழைய கப்பல் மாதிரிக் கட்டி அதற்குள்ளே மீன் காட்சிசாலை வைத்திருக்கிறார்கள். உள்ளே இருட்டாக, நாலு பக்கமும் தண்ணீராக இருக்கும். மாமியாருக்கு அது வேண்டாம். பிள்ளைகளோடு மாமனார் போகட்டும், நீயும் அவரும் விக்டோரியா தெரு மார்க்கெட்டுக்குப் போங்கள். மசாலாக் கடைகள் வரிசையாக இருக்கும். கடைக்காரர்கள் பேசிப் பேசியே அரை கிலோ வாங்க வந்தவரிடம் இரண்டு கிலோ விற்பார்கள். எங்கள் மிளகாய்த் தூளுக்கு நிறம் அதிகம், காரமும் அதிகம். உங்கள் ஊர் அளவில் போட்டுவிடாதே.

சாப்பாட்டுக்குக் கவலையே இல்லை. பீன்ஸ் பன்னி (bunny) கேள், பெயரைக் கேட்டுப் பன்றி என்று நினைக்காதே. ரொட்டியின் நடுவைத் தோண்டி அதற்குள்ளே பீன்ஸ் கறியை ஊற்றித் தருவார்கள், தோண்டின ரொட்டியை மேலே மூடி போல வைத்து, கூட காரட் சம்பல். கால் ரொட்டி ஒரு ஆளுக்குத் தாராளம். கரண்டி கேட்காதே, கையால்தான் சாப்பிட வேண்டும். சைவம், அசைவம் இரண்டும் செய்கிற கடையென்றால் பாத்திரம் தனியா என்று முதலிலேயே கேட்டுக்கொள், அவர்கள் தப்பாக நினைக்கமாட்டார்கள். புரட்டாசி மாதம் முழுக்க எங்கள் வீடுகளிலும் இதே கேள்விதான்.

வரும்போது ஹாரிஸ்மித்தில் நிறுத்தி எல்லோரையும் இறங்கி நடக்கச் சொல். கணவாய்க்கு முன்பே பெட்ரோல் போட்டுக்கொள். மாமனாருக்குத் தூண்டில் வேண்டுமென்றால் புதிதாக வாங்காதே. என்னிடம் இரண்டு இருக்கிறது, ஒன்றை அவருக்குக் கொடுக்கிறேன். உரிமத்துக்குப் பாஸ்போர்ட்டை எடுத்து வரச் சொல்.